கல்லட்டி ஏறத் தயாராவது எப்படி?

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பல இடங்களில் ஏற்றம் 10 சதவீதத்தைத் தாண்டும். 100 மீட்டர் போனால் 10 மீட்டர் உயர்ந்திருப்பீர்கள். 2008இல் தொடங்கி, வழக்கமாக டிசம்பரில் நடக்கும் டூர் ஆஃப் நீலகிரீஸ் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் பயப்படுவது இந்தச் சாலைக்குத்தான். இங்கே இறங்கித் தள்ளுகிறவர்களில் பலருக்குக் காலில் வலு இருக்கும். கியர்தான் பொருந்தியிருக்காது, அல்லது அடிவாரத்திலேயே வேகத்தைக் கொட்டித் தீர்த்திருப்பார்கள்.

அதனால் முதல் வேலை கடையில். முன்னே சின்னச் சக்கரம் 34 பல், பின் கேசட்டில் பெரியது 34 பல் இருந்தால் நல்லது. இந்தக் கியரில் நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்றே குறைவான வேகம். முன்னே 39, பின்னே 28 என்றால் அதே வேகத்துக்கு 50 சுற்றுதான் வரும். பாரமெல்லாம் முழங்காலில் இறங்கும். பெரிய கேசட்டுக்குச் செயின் நீளம் போதுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சியை செப்டம்பரில் தொடங்குங்கள். வாரம் நான்கு நாள் போதும். செவ்வாய், வியாழன் ஒரு மணி நேரம், சனிக்கிழமை ஏற்றம், ஞாயிறு நீண்ட சவாரி. ஞாயிறு சவாரியை மூன்று மணி நேரத்தில் ஆரம்பித்து, நவம்பர் கடைசிக்குள் ஆறு மணி நேரமாக்குங்கள். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் ஞாயிற்றுக்கிழமைக்கு. நான்காவது வாரம் எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். ஓய்வு வாரத்தில் கை பரபரக்கும், விட்டுக்கொடுக்காதீர்கள். சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து ஓட்டுவதைத் தவறவிட வேண்டாம். டூர் ஒருநாள் கூத்து அல்ல, களைத்த காலோடு மறுநாளும் ஏற வேண்டும்.

சமவெளியில் இருப்பவர்கள் மலைக்கு எங்கே போவது? கிழக்குக் கடற்கரைச் சாலையின் எதிர்க்காற்று ஓரளவு உதவும். மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளும் நிற்கப் பார்க்கும். ஆனால் மாதம் ஒருமுறையாவது நிஜ மலை வேண்டும். ஏலகிரியில் 14 வளைவுகள், ஏற்காட்டில் 20. கொல்லிமலையின் 70 வளைவுகளைக் கடைசி மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலேயே குறுக்கே வரும். மழை கொட்டும் நாளில் வீட்டில் டிரெயினரில் பத்து நிமிட அழுத்தம், ஐந்து நிமிட இளைப்பாறல் என்று மூன்று முறை செய்தாலே சனிக்கிழமைக் கணக்கு முடிந்தது.

வளைவில் ஏறுவதற்கு ஒரு நுணுக்கம் உண்டு. நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். இடது பக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டம் நம் பங்கு. அங்கேதான் சரிவு மிகச் செங்குத்து. வளைவுக்குப் பத்து மீட்டர் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாரம் ஏறிய பிறகு மாற்றினால் செயின் கரகரவென்று அரைத்து, சில சமயம் கழன்றே விழும். வலது வளைவில் நமக்கு வெளிவட்டம், ஏற்றம் குறைவு. மூச்சைச் சேர்த்துக்கொள்வதும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதும் அங்கேதான். எழுந்து நின்று மிதிக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு கியர் கனமாக்கிவிட்டு எழுங்கள்.

சாப்பாட்டையும் பயிற்சியிலேயே பழக்க வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து: ஒரு வாழைப்பழமும் இரண்டு கடலை மிட்டாயும் ஏறக்குறைய அந்தக் கணக்குக்கு வந்துவிடும். முதல் முக்கால் மணி நேரத்துக்குள் சாப்பிடத் தொடங்குங்கள். பசித்த பிறகு என்றால் தாமதம். வியர்வை அதிகம் போகும் நாளில் எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சர்க்கரையும்.

இறக்கத்தை யாரும் பழகுவதில்லை, அடிபடுவதோ அங்கேதான். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் கொதிக்கும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். ஏறிவரும் பேருந்து திரும்ப முழுச் சாலையையும் எடுக்கும். ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே நில்லுங்கள்.

கடைசி வாரத்தில் பாதி தூரம் மட்டும் ஓட்டுங்கள். புது ஷூ, புது சீட் எதுவும் வேண்டாம். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மட்டும் புதிது போட்டு, ஒரு சின்ன இறக்கத்தில் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள்.