ஆரணி தறி நோட்டும் உங்க கூகுள் ஷீட்டும்

ஒரே ரூம்ல நாலு பேர். வாடகை 24,000. ஒருத்தர் ஓனருக்கு அனுப்புறார், மத்த மூணு பேரும் அவருக்கு ஜிபே பண்றாங்க. கரண்ட் பில், தண்ணி கேன், போன மாசம் சேர்ந்து வாங்கின வாஷிங் மெஷின் எல்லாத்துக்கும் வாட்ஸ்அப் குரூப்ல "அனுப்பிட்டேன் மச்சி"தான் கணக்கு. ஜனவரியில ஆபீஸ்ல வாடகை ரசீது கேட்டதும் எல்லாரும் குரூப்பை மேல தள்ளித் தள்ளித் தேடுவாங்க. யாரோ ஒருத்தர் மெசேஜ் 90 நாள்ல தானா அழியுற மாதிரி வெச்சிருந்தா, தேடவும் ஒண்ணும் இருக்காது.

இந்த வாரம் எஸ்ஐபி, இன்சூரன்ஸ் எல்லாம் ஓரமா இருக்கட்டும். பல பேர் சேர்ந்து பணத்தைக் கையாளும்போது தகவலை எங்கே, எப்படி வைக்கிறதுன்னு பார்ப்போம். இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் ஆரணியில இருக்கு.

ஆரணிப் பட்டுப்புடவை ஒரே இடத்தில் தயாராவதில்லை. சாயம் போடுபவர் ஒருவர், பாவு தயார் செய்பவர் இன்னொருவர், நெய்பவர் ஆரணியிலோ தேவிகாபுரம், ஒண்ணுபுரம் பக்கமோ தன் வீட்டுத் தறியில் உட்கார்ந்து நெய்கிறார். பட்டும் சரிகையும் பெரும்பாலும் முதலாளி கொடுப்பது. புடவை முடிந்து வர நாள் கணக்காகும். அதுவரை விலை உயர்ந்த பொருள் அடுத்தவர் வீட்டில் இருக்கிறது. அங்கே போய் யாரும் காவல் இருக்க முடியாது. அதனால் பொருளை எடை போட்டுக் கொடுக்கிறார்கள், புடவை திரும்பும்போது மறுபடி எடை போட்டு வாங்குகிறார்கள். தேதி, பட்டு எடை, சரிகை எடை, கொடுத்த முன்பணம், கூலி எல்லாம் நோட்டில் ஏறுகிறது.

இங்கே முக்கியமான கேள்வி, அந்த நோட்டு யார்கிட்ட இருக்கு? நெசவாளர்கிட்டயும் ஒரு பிரதி இருந்தா கூலி நாளன்னைக்கு ரெண்டையும் வெச்சுப் பார்க்கலாம். முதலாளிகிட்ட மட்டும் இருந்தா, முன்பண பாக்கி எவ்வளவுன்னு அவர் சொல்றதுதான் எண். அவர் நேர்மையானவரா இருக்கலாம். ஆனா அதைச் சரிபார்க்க வழி இல்லை. உங்க ரூம்லயும் இதே கதைதான். எக்செல் ஃபைல் ஒருத்தர் லேப்டாப்ல இருக்கு, மாசக் கடைசியில அவர் ஸ்க்ரீன்ஷாட் போடுவார், மத்தவங்க கட்டைவிரல் காட்டுவாங்க.

அதனால ஒரு கூகுள் ஷீட் போடுங்க. தேதி, கொடுத்தவர், வாங்கியவர், தொகை, எதுக்கு, யுபிஐ பரிவர்த்தனை எண். இந்த ஆறு காலம் போதும். 12 இலக்க யுபிஐ எண் இருந்தா பேங்க் ஸ்டேட்மென்ட்டோட ஒப்பிடுறது சுலபம். தப்பா ஏறின வரியை அழிக்காதீங்க, கீழே இன்னொரு வரி போட்டு நேர் பண்ணுங்க. நாங்க ஆடிட்டர்கள் பழைய எழுத்து மேல கோடு போட விடமாட்டோம், அந்தக் கெட்ட பழக்கத்தை நீங்களும் எடுத்துக்கலாம். யாராவது மாத்தினாலும் வெர்ஷன் ஹிஸ்டரியில யார், எப்போன்னு தெரியும். ஆனா "லிங்க் இருக்கும் எவரும்"னு ஷேர் பண்ணினா அநாமதேயமா காட்டலாம். அவரவர் மெயில் ஐடிக்கே அனுமதி கொடுங்க.

"எதுக்கு"ங்கிற காலத்தை நிறைய பேர் காலியா விடுறாங்க. வரி விஷயத்துல அதுதான் உங்களைக் காப்பாத்தும். நண்பர் 60,000 அனுப்பினார். கைமாத்தா, சும்மா கொடுத்ததா? உறவினர் அல்லாதவங்ககிட்ட இருந்து ஒரு நிதியாண்டுல மொத்தம் 50,000-க்கு மேல சும்மா வந்தா முழுத் தொகையும் உங்க வருமானம். கைமாத்துன்னா வரி இல்லை. ரெண்டு வருஷம் கழிச்சு கேள்வி வந்தா, அன்னைக்கே எழுதின ஒரு வார்த்தையும் திருப்பிக் கொடுத்த வரியும்தான் பேசும். கைமாத்து 20,000 அல்லது அதுக்கு மேலன்னா ரொக்கமா வாங்கவும் கூடாது, திருப்பவும் கூடாது. அபராதம் அந்தத் தொகை அளவுக்கே போகலாம்.

வாடகைக்கும் ஒரு வார்த்தை. பழைய வரி முறையில ஹெச்ஆர்ஏ கேட்கிறவங்க நாலு பேர் பெயரையும் அக்ரிமென்ட்ல போட்டு, அவரவர் பங்கை ஓனருக்கே நேரா அனுப்பிடுங்க. நீங்க கொடுக்கிற வாடகை வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினா ஓனர் பான் எண்ணும் கேட்பாங்க. புதிய முறையில ஹெச்ஆர்ஏ விலக்கே கிடையாது.

ரூம் கணக்கு தப்பினா சண்டையோட போகும். வீட்டுக் கணக்கு அப்படி இல்லை. அப்பா தறி ஓட்டுறார், நீங்க சென்னையில, தங்கச்சி பெங்களூரில். அப்பாவின் கூட்டுறவு சங்கக் கணக்கு, எல்ஐசி பாலிசி, நகைக் கடன் ரசீது, யாருக்கோ கொடுத்த கைமாத்து எல்லாம் அவர் தலைக்குள்ளதான் இருக்கு. திடீர்னு அவர் ஆஸ்பத்திரியில படுத்தா, பாலிசி எந்த டிரங்குப் பெட்டியிலன்னு அம்மாவுக்கே தெரியாது.

பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கி நிதிக்குப் போயிடும். குடும்பம் அதைத் தேடணும்னுதான் 2023 ஆகஸ்ட்ல உத்கம் என்ற இணையதளமே தொடங்கினாங்க. அங்கே தேடிக் கண்டுபிடிச்சாலும் பணத்தை அந்தந்த வங்கியிலதான் கேட்கணும்.

குடும்பத்துக்கு இன்னொரு ஷீட். வங்கி, கிளை, கணக்கின் கடைசி நாலு எண், நாமினி யார், காகிதம் எங்கே. இவ்வளவுதான். பின், பாஸ்வேர்டு, முழு ஆதார் எதுவும் வேண்டாம். ஆதார் நகல் அனுப்பியே ஆகணும்னா கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதாரை இறக்கி அனுப்புங்க. டிஜிலாக்கர்ல நாமினி சேர்க்கலாம். உங்க டீமேட், மியூச்சுவல் ஃபண்ட் விவரங்களையும் 2025 ஏப்ரல்ல இருந்து அங்கேயே கொண்டுவர வழி இருக்கு.

அப்பாகிட்ட நேரா "சொத்து விவரம் சொல்லுங்க"ன்னு ஆரம்பிச்சா மனுஷன் என்ன நினைப்பார்? முதல்ல உங்க பிஎஃப், சம்பளக் கணக்கு, ஆபீஸ் இன்சூரன்ஸை ஷீட்ல ஏத்தி, "எனக்கு ஏதாவதுன்னா இதைப் பாருங்கப்பா"ன்னு காட்டுங்க. அதைப் பார்த்ததும் அவரே பேச ஆரம்பிக்கலாம். அன்னைக்கே முடியலைன்னா அடுத்த பொங்கலுக்கு.

அம்மா ஷீட் திறக்கப் போறதில்லை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தமிழ்ல பிரிண்ட் எடுத்து, மேல தேதி போட்டு, பீரோவில் கல்யாணப் பட்டுக்கு அடியில வெச்சிடுங்க. பழைய பிரிண்ட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு வாங்க.