மடக்குக்கத்திக்கு எட்டாயிரம் ரூபாயா?

போடியில் ஏலத்தோட்டக்காரர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் யாராவது சட்டைப் பையிலிருந்து நல்ல மடக்குக்கத்தி ஒன்றை எடுத்துவிட்டால் முதலில் விலையைக் கேட்பார்கள். சொன்னதுமே, "அந்தக் காசுக்கு அஞ்சாறு அரிவாள் அடிச்சிருக்கலாமேப்பா" என்பார்கள். நியாயமான பேச்சுதான். கடைத்தெருவில் இருநூறு ரூபாய்க்கு மடக்குக்கத்தி தொங்கும்போது எட்டாயிரம் கொடுப்பது சிலருக்கு லாபம், பலருக்குத் தண்டம். நீங்கள் எந்தப் பக்கம் என்பது நீங்கள் செய்யும் வேலையைப் பொறுத்தது.

முதலில் அரிவாள் கணக்கை ஒதுக்கிவிடுவோம். முற்றிய ஏலத்தட்டை கழிக்கவும், நிழல் மரத்தில் கிளை இறக்கவும், வழியில் புதர் வெட்டவும் மடக்குக்கத்தி ஆகாது. அதற்கு நம் பட்டறை ஆசாரி லாரிப் பட்டையைக் காய்ச்சி அடித்துக் கொடுப்பதே போதும். திருப்பாச்சேத்தி அரிவாள் இருக்கும் நாட்டில் வெட்டுக்கத்தியை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது வீண். மடக்குக்கத்தியால் ஓங்கி வெட்டுகிறவர் அதன் அச்சாணியை உடைப்பார், இல்லையென்றால் தன் விரலை.

மடக்குக்கத்தியின் வேலை நுணுக்கமானது. ஏலக்காய் எடுக்கலாமா, இன்னும் பொறுக்கலாமா என்று பார்க்க ஒரு காயைப் பறித்துக் குறுக்கே நறுக்குகிறோம். உள்ளே அரிசி கறுத்திருந்தால் கரிங்காய், எடுக்கலாம். வெளுத்திருந்தால் பிஞ்சு, உலர்த்தும் ஸ்டோரில் போட்டால் சுருங்கி எடை குறையும். மழுங்கிய கத்தி அந்தச் சின்னக் காயை நறுக்காது, நசுக்கும். அரிசி சிதறிவிட்டால் நிறத்தை எங்கே பார்ப்பது?

ஏலத்துக்கு ஊடே மிளகு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். ஓடுகொடியை இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக நறுக்கிப் பையில் நடும்போது வெட்டு வழவழவென்று இருக்க வேண்டும். நார் நாராகப் பிய்ந்த முனையில்தான் அழுகல் ஏறும். பெரியகுளம் பக்கம் மா ஒட்டுக் கட்டுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். ஒட்டுக்குச்சியின் அடியை இரு பக்கமும் ஆப்புபோல் சீவுவார்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரே இழுப்புதான். இரண்டாவது முறை சீவினால் முகத்தில் மேடுபள்ளம் விழும். வேர்ச்செடியின் பிளவில் அது ஒட்டி உட்காராது, இடைவெளியில் காற்றும் நீரும் புகுந்து ஒட்டு காய்ந்துவிடும். ஒரு பருவத்தில் நூற்றுக்கணக்கில் கட்டுகிறவருக்கு நல்ல கத்தியின் விலை, அது இல்லாவிட்டால் பிடிக்காமல் போயிருக்கும் கன்றுகளிலேயே திரும்பிவிடும்.

இந்த வேலைக்கென்றே ஒட்டுக்கத்தி உண்டு. ஒரு பக்கம் மட்டும் தீட்டியிருப்பார்கள், வெட்டு தட்டையாக வருவதற்காக. ஜெர்மனியில் 1854-ல் தொடங்கிய டினா கம்பெனியின் கத்திகள் இதில் பேர்போனவை. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸும் செய்கிறது. இடதுகைக்காரர்கள் கேட்டு வாங்க வேண்டும். வலதுகைக்குத் தீட்டிய கத்தி அவர்கள் கையில் மரத்துக்குள் குழிந்து இறங்கும்.

சரி, பணம் எதற்குப் போகிறது? முதலில் உருக்குக்கு. அதைவிட முக்கியமாக, அதைக் காய்ச்சிப் பதம் வைத்த விதத்துக்கு. மலிவுக் கத்தியின் விளிம்பு தேய்வதில்லை, மடங்கிவிடுகிறது. காலையில் தீட்டியது மத்தியானம் சாக்குச் சணலில் வழுக்கும். விக்டோரினாக்ஸ் அலகின் கடினம் ராக்வெல் அளவில் 56. இன்னும் விலையேறிய கத்திகளில் 60-க்கும், அதற்கு மேலும் போவார்கள். அமெரிக்காவில் 2001-ல் கத்திக்கென்றே வந்த எஸ்30வி என்ற உருக்கில் கரி 1.45 சதவீதம், குரோமியம் 14, வனேடியம் 4. குரோமியம் துருவைத் தடுக்கும், வனேடியம் விளிம்பைக் காக்கும். மாம்பால் பட்டால் கறுத்து, மலை மூட்டத்தில் ஒரே இரவில் துரு பூக்கும் சாதாரண உருக்கோடு பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது பூட்டு. என்னைக் கேட்டால் கொடுக்கும் பணத்தில் பாதி இதற்குத்தான். சொட்டுநீர்ப் பைப்பில் துளை போட முனையைக் குத்தி அழுத்துகிறீர்கள், கை ஈரம், கால் சரிவில். அந்த நேரம் அலகு மடங்கினால் நாலு விரலிலும் விழும். மேலே மலையில் சாந்தன்பாறையிலோ பூப்பாறையிலோ கை அறுபட்டால் துணியைச் சுற்றிக்கொண்டு ஜீப்பில் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கித்தான் போடி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். கடைத்தெரு மலிவுக் கத்தியில் பூட்டே இருக்காது, இருந்தாலும் ஆடும். கடையில் சோதிப்பது சுலபம். அலகை விரித்து, விரல்களை அலகின் பாதையில் வைக்காமல், அதன் முதுகை ஒரு கட்டையில் லேசாகத் தட்டுங்கள். பூட்டு நழுவினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அச்சாணியிலும் ஒரு விஷயம் உண்டு. இப்போது பல கத்திகளில் பேரிங் வைக்கிறார்கள், விரலால் தொட்டாலே சர்ரென்று விரியும். கடையில் பார்க்க ஆசையாக இருக்கும். செம்மண் சேற்றில் ஒரு வாரம் கிடந்தால் பேரிங்குக்குள் மணல் ஏறி நறநறக்கும். தோட்டத்துக்கு வெண்கல வாஷர் வைத்ததே மேல். பிடி விஷயத்திலும் மலைக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. பிரான்சில் ஜோசப் ஒப்பினெல் 1890-ல் விவசாயிகளுக்காகச் செய்யத் தொடங்கிய ஒப்பினெல் கத்தி இன்றும் மலிவு, கூர்மை அருமை. அலகைப் பூட்டும் வளையத்தை 1955-ல் சேர்த்தார்கள். மழை மறைவான போடியில் மாந்தோப்புக்காரருக்கு அதுவே போதும். அதையே ஜூன் மாத மழையில் மேலே கொண்டுபோனால் மரப்பிடி ஊறி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நகத்தால் இழுத்தாலும் வராது. மலைக்கு அலுமினியமோ, கண்ணாடி நார்ப் பலகையோ, டைட்டானியமோதான்.

இதற்கு மேல் விலை ஏற ஏற வேலை அதே அளவு ஏறாது. அமெரிக்காவின் கிறிஸ் ரீவ் கம்பெனியின் செபென்சா கத்தி அங்கேயே நானூறு டாலருக்கு மேல். டைட்டானியப் பிடியே பூட்டாகவும் வேலை செய்யும், இம்மியும் ஆட்டம் இருக்காது. கையில் வாங்கிப் பார்த்தால் கொடுக்க மனம் வராது. ஆனால் அது எட்டாயிரம் ரூபாய்க் கத்தியைவிட நாலு மடங்கு நன்றாக வெட்டாது. அந்த விலையில் வாங்குவது கைவினைக்கான மரியாதை. வசதி இருந்தால் வாங்குங்கள், தோட்டச் செலவுக் கணக்கில் எழுதாதீர்கள்.

வாங்கிய பிறகு கத்தியைக் கெடுப்பது பெரும்பாலும் சாணைதான். தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறும். விளிம்பில் நீலம் பாய்ந்தால் முந்நூறு டிகிரி வெப்பத்தைத் தொட்டுப் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. வீட்டில் தண்ணீர் விட்டுக் கல்லில் தீட்டுவதே சரி. வனேடியம் கூடிய உருக்குக்குச் சாதாரணக் கல் பற்றாது, வைரத்தூள் பதித்த பலகை வேண்டும். அந்தச் செலவையும் கத்தி விலையோடு சேர்த்தே எண்ணுங்கள். தீட்டும் பழக்கமே இல்லாதவர் அப்படிப்பட்ட உருக்கை வாங்க வேண்டாம். 56 கடினத்திலுள்ளதை வாங்கினால் அம்மிக்கல் ஓரத்தில்கூடச் சமாளித்துக்கொள்ளலாம். கடினமான உருக்குக்கு இன்னொரு குணம், வளையாது, உடையும். டப்பா மூடி நெம்பினால் முனை போய்விடும்.

நோய் கண்ட மிளகுக் கொடியையோ அழுகிய ஏலக் கிழங்கையோ வெட்டிய கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்காமல் அடுத்த செடிக்குக் கொண்டுபோகக் கூடாது. விலையேறிய கத்தி என்பதற்காக வாடல் நோய் சலுகை தராது. மாலையில் அச்சாணியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, உலரத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதம் என்ற கணக்கில் வரும். விவசாயத்துக்கும் வீட்டு வேலைக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. மூன்று அங்குல மடக்குக்கத்தி அந்த அளவுக்குக் கிட்டவே வராது. ஆனாலும் செக்போஸ்ட்டில் எடுத்து விளையாடிக் காட்ட வேண்டாம். மதுரையிலிருந்து விமானம் ஏறினால் கைப்பையில் வைக்கக் கூடாது. பட்டனைத் தட்டினால் தெறித்து விரியும் ரகத்தை வாங்கவே வாங்காதீர்கள். அது தோட்ட வேலைக்கானதல்ல, போலீஸ்காரரும் அப்படித்தான் பார்ப்பார்.

ஆக, வாரத்தில் ஒருநாள் தோட்டம் எட்டிப் பார்க்கிறவருக்கு ஒப்பினெல் போதும். தினமும் ஜீப் ஏறி மலைக்குப் போய் கத்தியை ஐம்பது தடவை விரிக்கிறவர், பூட்டு உள்ள, துருப்பிடிக்காத, வாஷர் வைத்த ஒன்றை ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரத்துக்குள் தயங்காமல் வாங்கலாம். ஒட்டுக் கட்டுகிறவர் அந்தப் பணத்தை ஒட்டுக்கத்தியில் போடட்டும். எதை வாங்கினாலும் பில் போட்டுத் தரும் கடையிலேயே வாங்குங்கள். பேர்போன கத்திகளுக்கெல்லாம் அச்சு அசலாகப் போலி வந்துவிட்டது. வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், பூட்டு மட்டும் நிற்காது.