காணாமல் போன பதினெட்டேகால் ரூபாய்

ஒரகடம் பக்கத்து வடக்குப்பட்டு போன்ற ஊர்களில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடையும், அதற்குப் பக்கத்தில் ஒரு ரீசார்ஜ் கடையும் இருக்கும். அங்கே 100 ரூபாய்க்கு டாப்-அப் போட்டால் கணக்கில் ஏறுவது 81 ரூபாய் 75 காசு. மீதி எங்கே போனது என்று கேட்டால், ‘ஜிஎஸ்டி 18 பர்சென்ட், கவர்ன்மென்ட் எடுத்துக்கிச்சு’ என்பதுதான் வழக்கமான பதில். நூறில் பதினெட்டு போனால் எண்பத்திரண்டு. கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, அதனால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. ஆனால் கணக்கு தப்பு. விடை மட்டும் தற்செயலாகப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதே கணக்கை 10 ரூபாய் டாப்-அப்புக்குப் போட்டுப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். 18 சதவீதம் கழித்தால் 8 ரூபாய் 20 காசு வர வேண்டும். வருவதோ 7 ரூபாய் 47 காசு.

நடப்பது இதுதான். கடையில் சொல்லும் ரீசார்ஜ் விலை வரியையும் உள்ளடக்கியது. அமெரிக்காவில் இருக்கும் உறவினர்களைக் கேட்டால், அங்கே பல மாநிலங்களில் பிரீபெய்டு கார்டின் விலைக்கு மேல் கல்லாவில்தான் விற்பனை வரி ஏறும் என்பார்கள். இங்கே அப்படி இல்லை. 18 சதவீதம் என்பது வரி சேர்க்கும் முன் சேவைக்கு இருக்கும் மதிப்பின் மேல் போடப்படுவது. 100 ரூபாய் மதிப்புள்ள சேவை 118 ரூபாய்க்கு விற்கும். அப்படியானால் 100 ரூபாய் ரீசார்ஜுக்குள் இருக்கும் வரி 18 ரூபாய் அல்ல, 15 ரூபாய் 25 காசு. மிஞ்சும் 84 ரூபாய் 75 காசிலிருந்து இன்னொரு 3 ரூபாய் கழிகிறது. அது வரியே அல்ல, தொலைபேசி நிறுவனம் எடுத்துக்கொள்ளும் பிராசஸிங் கட்டணம். விலையில் பத்தில் ஒரு பங்கு அல்லது 3 ரூபாய், இதில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்த வரம்பு. 10 ரூபாய் டாப்-அப்பில் வரி 1.53, கட்டணம் 1 ரூபாய், மீதி 7.47. சின்னத் தொகையாகப் பிரித்துப் பிரித்துப் போடுகிறவர்தான் இந்தக் கட்டணத்தை அதிகம் கட்டுகிறார். பத்து முறை 10 ரூபாய் போட்டால் 10 ரூபாய் போய்விடும். ஒரே முறை 100 போட்டால் 3 ரூபாய்தான். பழியை மட்டும் ஜிஎஸ்டி சுமக்கிறது.

இதற்கு நேர்மாறான நம்பிக்கை ஒன்றும் உண்டு: ‘டாப்-அப்பில்தான் வரி பிடிப்பார்கள், அன்லிமிடெட் பேக்கில் பிடிப்பதில்லை.’ பேக்கில் ரூபாய்க் கணக்கு கண்ணில் படுவதில்லை என்பதைத் தவிர இதற்கு ஆதாரம் கிடையாது. தினம் ஒன்றரை ஜிபி, 28 நாள் என்று கொடுப்பதை ரூபாயில் அளக்க முடியாததால், கழிந்தது என்ன என்று யாருக்கும் தெரிவதில்லை. 299 ரூபாய் பேக்கில் 45 ரூபாய் 61 காசு வரி. ‘ஃபுல் டாக் டைம்’ சலுகையிலும் இதே கதைதான். குறைந்த தொகையை நிறுவனம் தன் பங்கிலிருந்து நிரப்பியிருக்கும், வரி தள்ளுபடி ஆகியிருக்காது. 2024 ஜூலையில் ஜியோவின் 239 ரூபாய் பேக் 299 ஆனபோது ‘வரியை ஏத்திட்டாங்க’ என்று பேசிக்கொண்டவர்கள் உண்டு. 2017 ஜூலை 1 முதல் விகிதம் 18 சதவீதம்தான்; ஏறியது நிறுவனங்கள் வைக்கும் விலை. ஆனால் விலை ஏறினால் வரித்தொகையும் கூடவே ஏறும். அந்த ஒரு பேக்கில் 36.46 ஆக இருந்தது 45.61 ஆனது. அரசு விரலை அசைக்காமலே வருமானம் கூடியது என்ற அளவில் அந்தப் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22இல் பல பொருள்களுக்கு ஜிஎஸ்டி குறைந்தபோது ரீசார்ஜும் குறையும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றமே. அது 18இலேயே நின்றது. ஷிஃப்டுக்குப் போகிற தொழிலாளியின் போனுக்கு இவ்வளவு வரி தகுமா என்று வாதாடலாம், வாதாடவும் வேண்டும். அதற்கும் முதலில் சரியான தொகை கையில் இருக்க வேண்டும்.

கடையில் ‘ஜிஎஸ்டிக்கு’ என்று மேலே 2 ரூபாய் கேட்டால் அது வரி அல்ல. வரி ஏற்கெனவே விலைக்குள் போய்விட்டது. போன்பே, கூகுள் பே போன்ற செயலிகள் சில ரீசார்ஜுகளுக்குப் போடும் ஓரிரு ரூபாயும் செயலியின் கட்டணம்தான்.

ரீசார்ஜுக்குள் இருக்கும் வரியை இன்றும் ‘சேல்ஸ் டாக்ஸ்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பேருக்குப் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது. தொலைபேசிச் சேவையையும் சிம் கார்டையும் சரக்காகக் கருதி மாநிலங்கள் விற்பனை வரி கேட்டன. பிஎஸ்என்எல் வழக்கில் 2006 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம், மின்காந்த அலைகள் சரக்கு ஆகா என்று தீர்ப்பளித்தது. பேச்சை விற்பனை வரிக்குள் கொண்டுவர மாநிலங்களுக்கு வழியில்லாமல் போனது. 1994இல் 5 சதவீதமாகத் தொடங்கி, கடைசியில் செஸ் எல்லாம் சேர்த்து 15 சதவீதம் ஆன சேவை வரியை மத்திய அரசுதான் விதித்தது. ஜிஎஸ்டி வந்த பிறகுதான் 18இல் 9 மாநிலத்துக்கு என்று ஆனது. கோர்ட்டில் தோற்றதை மாநிலங்கள் வேறு வாசல் வழியாகப் பெற்றன என்றே சொல்லலாம்.

அந்த 9 எந்த மாநிலத்துக்கு என்பதுதான், வெளிமாநில எண்களோடு வேலைக்கு வருகிறவர்கள் இருக்கும் ஒரகடம் போன்ற தொழிற்பேட்டைப் பகுதியில் சுவையான கேள்வி. ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தின் 12ஆம் பிரிவு இதற்கு விதி வைத்திருக்கிறது. கடையில் காசு கொடுத்து ரீசார்ஜ் செய்தால், பணம் வாங்கிய இடமே சேவை வழங்கிய இடம். இணையவழியில் கட்டினால், நிறுவனத்தின் பதிவேட்டில் வாடிக்கையாளருக்கு என்ன முகவரி இருக்கிறதோ அதுதான் கணக்கு. பீகார் முகவரியில் பதிவான எண்ணுக்கு வடக்குப்பட்டுக் கடையில் 299 கொடுத்தால் மாநிலப் பங்கான 22 ரூபாய் 80 காசு தமிழ்நாட்டுக்கு. அதே ஆள் அறையில் படுத்துக்கொண்டு யுபிஐயில் கட்டினால் பீகாருக்கு. கட்டுகிறவருக்கு ஒரு காசு வித்தியாசம் இல்லை. டவர் இங்கே, பேச்சு இங்கே, வரி மட்டும் அங்கேயா என்று கேட்கலாம். ஆனால் ஒவ்வோர் அழைப்பும் எந்த ஊரிலிருந்து போனது என்று பார்த்து வரி பிரிப்பது நடக்கிற காரியமில்லை. பதிவான முகவரி என்பது ஒரு தோராயமான அளவுகோல், அவ்வளவே. அது தமிழ்நாட்டுக்கு எதிராக மட்டும் வேலை செய்வதும் இல்லை. காஞ்சிபுரம் முகவரியில் பதிவான எண்ணை வைத்துக்கொண்டு பெங்களூரில் வேலை பார்க்கிறவர் அங்கிருந்தே யுபிஐயில் ரீசார்ஜ் செய்தால், அந்த 22 ரூபாய் 80 காசு கர்நாடகத்தில் தங்காமல் இங்கே வந்து சேர்கிறது.