சபையில் எழுந்து பேசுவோர்க்கு



வருடத்தில் ஆறு நாள் நம் கிராமங்களில் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்பன அந்நாட்கள். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஆண் பெண் ஒவ்வொருவரும் அச்சபையின் உறுப்பினரே. குயிலாப்பாளையத்திலும் சுற்றூர்களிலும் வாழும் நம் குடும்பத்தார்க்கும் இவ்வுரிமை உண்டு.

ஆயினும் நடப்பது யாது? தெருக்குழாயில் தண்ணீர் வராத வீட்டுக்காரி கடைசி வரிசையில் உட்கார்ந்து, பக்கத்திலிருப்பவளிடம் மட்டும் தன் குறையைச் சொல்லிக் கொள்கிறாள். கூட்டம் முடிகிறது. கையெழுத்திட்டுவிட்டு வீடு திரும்புகிறாள். அவள் குறை தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை. ஏறாத குறைக்கு அடுத்த கூட்டத்தில் பதில் கேட்கவும் இடமில்லை. ஏனம்மா எழுந்து பேசவில்லை என்று கேட்டால், "எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது" என்பாள். மேடைப் பேச்சு பிறவியிலேயே சிலருக்கு வாய்ப்பது என்று நம்மில் அநேகர் எண்ணியிருக்கிறோம். அது சரியல்ல. பேச்சு கற்றுக்கொள்ளும் வித்தை. அதைக் கற்றவர்களுள் இருவரைப் பற்றி முதலில் சொல்லுகிறேன்.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை நீங்கள் அறிந்திருக்கலாம். 1822-இல் பிறந்து 1879-இல் மறைந்தவர். மெதடிஸ்த மிஷனின் பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார்; பெர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தபோது அவருக்குத் துணை நின்றார். அக்காலத்துக் கோயில்களில், ஒருவர் புராணப் பாட்டைப் படிக்க மற்றொருவர் அதற்குப் பொருள் சொல்லுவது வழக்கம். பாட்டைச் சார்ந்து நில்லாமல், ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, நேரே ஜனங்களைப் பார்த்து வசனத்தில் பேசும் முறை பாதிரிமாரின் பிரசங்க முறை. நாவலர் அதை அருகிலிருந்து கண்டவர். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அதன் பின் வெள்ளிதோறும் அது நடந்து வந்தது. நம் மதத்தைக் கடுமையாய் மறுத்தவர்தாம், அதனால் என்ன? எதிர்த்தவரிடமிருந்தே வித்தையைக் கற்றுக்கொண்ட அவருடைய புத்திக் கூர்மையை நாம் மெச்சாமலிருக்க முடியாது.

மற்றொருவர் திரு. வி. கலியாணசுந்தரனார். சென்னைப் பெரம்பூரில் ஆலைத் தொழிலாளருக்காக 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதன் தலைவர் வாடியா தொழிலாளரிடத்தில் மிக்க பற்றுள்ளவர். ஆனால் அவருக்குத் தமிழ் வராது. ஆங்கிலத்தில் பேச, இன்னொருவர் தமிழில் சொல்லவேண்டும். திரு. வி. க.வோ தமிழிலேயே அவர்களோடு பேசினார். முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்பவர் நடுவே நின்றுகொண்டு, அதிகாரிகளின் கடிதத்தில் வரும் சொற்களை அடுக்கிப் பேசுகிற நம் படித்த பிள்ளைகள் இதைச் சற்று யோசிக்கட்டும். கேட்பவன் வீட்டில் புழங்கும் சொல்லே அவன் மனத்தில் தைக்கும்.

திருவள்ளுவர் இதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார். சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று அதிகாரங்கள், முப்பது குறள்கள். மூன்றும் பொருட்பாலில், அமைச்சரைப் பற்றிச் சொல்லும் பகுதியை ஒட்டி வருவதைக் கவனியுங்கள். பேச்சை அவர் அலங்காரமாக எண்ணவில்லை, காரியம் முடிக்கும் கருவியாகவே எண்ணினார். நன்னூல் செய்த பவணந்தியாரும் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை எண்ணிச் சொல்லுகிறார். வேண்டியதைக் குறைப்பது, வேண்டாததைக் கூட்டுவது, சொன்னதையே மறுபடி சொல்லுவது, முன்னுக்குப் பின் முரணுவது எல்லாம் அவற்றுள் அடங்கும். நூலுக்குச் சொன்னது பேச்சுக்கும் முற்றும் பொருந்தும்.

இனிப் பேச்சுக்கு ஆயத்தம் செய்வதைப் பார்ப்போம். கிராம சபைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முந்தின நாள் இரவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நான் பேசி முடித்தபின் அங்கிருப்பவர்கள் என்ன செய்யவேண்டும்? "எங்கள் தெருவில் தண்ணீர்க் கஷ்டம்" என்பது முறையீடு. "தெருவின் கிழக்குக் கோடிக்கு இன்னொரு குழாய் போட்டுத் தரவேண்டும்" என்பது கோரிக்கை. முறையீட்டுக்குத் தலையசைப்புக் கிடைக்கும். கோரிக்கைக்குத்தான், ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லியாகவேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை முதலில் எழுதி வையுங்கள். அதைத் தாங்கி நிற்காத பேச்சு எவ்வளவு அழகாயிருந்தாலும் தள்ளிவிடுங்கள்.

அடுத்து, கணக்கு வேண்டும். எத்தனை வீடு, எந்த மாதத்திலிருந்து, எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர், எத்தனை குடம்? "ரொம்ப நாளாக", "எத்தனையோ பேர்" என்பவை காதில் நில்லா. வீடு வீடாய்ப் போய் எண்ணிக்கொண்டு வந்தவரை மறுத்துப் பேச யாருக்கும் துணிவு வராது. எண்ணப் போகும்போதே அந்த வீட்டார் உங்களோடு சபைக்கு வரவும் இணங்குவார்கள். இது கூடுதல் லாபம்!

முழுப் பேச்சையும் எழுதி மனப்பாடம் செய்யவேண்டாம். நடுவில் ஒரு சொல் தப்பினால் எல்லாம் தப்பிப்போம். சிறு காகிதத்தில் நாலைந்து சொற்களைப் பெரிய எழுத்தில் குறித்துக்கொண்டு, வீட்டாரை எதிரே உட்கார வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். மனத்துக்குள் பேசிப் பார்ப்பது போதாது. நாக்குக்குத்தான் பழக்கம் வேண்டும். உங்கள் வீட்டுச் சிறுபிள்ளைக்கு எந்த இடம் விளங்கவில்லையோ, அந்த இடத்தைத் திருத்துங்கள்.

மூன்று நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். நம் தமிழ் மேடைகளில் தலைவர் முதல் பந்தல் போட்டவர் வரை அவர்களே, இவர்களே என்று விளிப்பதிலேயே பாதி நேரம் கழிகிறது. "தலைவர் அவர்களே, பெரியோர்களே" என்பதோடு நிறுத்திக்கொண்டால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். சுருக்கத்துக்கு நம் பக்கத்திலேயே ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 1968 பிப்ரவரி 28-ஆம் தேதி ஆரோவில் நகரத்தின் தொடக்க விழா, நம் ஊரை அடுத்த செம்மண் வெளியில் நடந்தது. பல தேசத்து இளைஞர் பிடி மண் கொண்டுவந்து இட்டார்கள். அப்போது 90 வயதான அன்னை, புதுச்சேரியில் தம் அறையிலிருந்தபடியே பிரெஞ்சு மொழியில் வாசித்த சாசனம் வானொலி வழியே அங்கே கேட்டது. உலகெங்குமிருந்து வந்த கூட்டத்துக்கு அவர் வாசித்தது நாலே நாலு சிறு பகுதிகள். அவர்களுடைய கொள்கை வேறு, நம்முடையது வேறு. ஆனால் ஒரு நகரத்தைத் தொடங்கவே அவ்வளவு சொற்கள் போதுமானால், ஒரு குழாய் கேட்பதற்கு எவ்வளவு வேண்டும்?

பேசும் வேளை வந்ததும் கால் நடுங்கும், வாய் உலரும். இது எல்லாருக்கும் உள்ளதுதான். எழுந்தவுடன் பேசத் தொடங்காதீர்கள். நேராய் நின்று ஒரு மூச்சு இழுத்து விடுங்கள். கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்து, முதல் வாக்கியத்தை நிதானமாய்ச் சொல்லுங்கள். முதல் வாக்கியத்தை மட்டும் நெட்டுருப் போட்டு வைத்துக்கொள்ளலாம். பிறகு கண்ணை மற்றவர்கள் மேலும் செலுத்துங்கள். ஒலிபெருக்கி இருந்தால் வாயை அதில் ஒட்டவேண்டாம். கத்தவும் வேண்டாம். வாக்கியம் முடியும்போது குரல் இறங்கிப்போய்க் கடைசிச் சொல் விழுங்கப்படுவது நம்மிடமுள்ள பெரிய குறை. ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கும் இளைஞரும் இதைக் கவனிப்பார்களாக. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. அதை விழுங்கினால் செய்தாரா செய்யவில்லையா என்றே தெரியாமற் போய்விடும்.

யாரேனும் குறுக்கே பேசினால் கோபப்படாதீர்கள். அவர் முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அவர் கேட்டதற்கு விடை தெரியாவிட்டால், விசாரித்துச் சொல்லுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஊகித்துச் சொன்ன ஒரு பொய்க் கணக்கு, வீடு வீடாய் எண்ணிய உண்மைக் கணக்கையும் கெடுத்துவிடும்.

முடிக்கும்போது, முந்தின இரவு எழுதிய அந்த ஒரு வாக்கியத்தை மறுபடி சொல்லுங்கள். அதையே மனுவாக எழுதி, வீட்டாரின் கையெழுத்துக்களோடு தலைவர் கையில் கொடுங்கள். இதைத் தீர்மானமாக எழுதிக்கொள்ளும்படி கேட்டு, எழுதி முடித்ததும் ஒரு முறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் பின் உட்காரலாம்.