ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன கடிகாரம்

2023 மே 29, காலை 10.42. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி. எஃப்-12 ராக்கெட்டில் என்.வி.எஸ்-01 என்ற வழிகாட்டிச் செயற்கைக்கோள் இருந்தது. அதற்குள் அகமதாபாத் இஸ்ரோ மையத்தில் உருவான ருபீடியம் அணுக் கடிகாரம். உள்நாட்டில் செய்த அணுக் கடிகாரம் விண்ணுக்குப் போனது அதுவே முதல் முறை. கிளம்பிய இடம் திருப்பதி மாவட்டம் என்பதால் இந்தப் பக்கத்து வாசகர்களுக்குச் சில விஷயங்களைத் தெளிவுபடுத்தலாம்.

நம்பிக்கை: அணு என்றாலே கதிர்வீச்சு, இதுவும் ஒரு குட்டி அணு உலைதான்.

உண்மை: அணுக்கரு சிதைவதற்கும் இந்தக் கடிகாரத்துக்கும் சம்பந்தமில்லை. நொடியை வரையறுக்கும் சீசியம்-133 கதிரியக்கமே இல்லாதது. ருபீடியம்-87 கொஞ்சம் கதிரியக்கம் உள்ளதுதான். ஆனால் அதில் பாதி சிதையவே ஏறக்குறைய 4,900 கோடி ஆண்டுகள் ஆகும்!

நம்பிக்கை: உள்ளே அணு 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டிருக்கும்.

உண்மை: ஓடுவது குவார்ட்ஸ் படிகம், கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே இனம். வெப்பம், வயது எல்லாவற்றுக்கும் அது பிசகும். பாடுவது குவார்ட்ஸ், சுருதி சேர்ப்பது அணு. ருபீடியம் ஆவி அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி வழியாக ருபீடியம் விளக்கின் ஒளி பாய்ந்து ஓர் உணரியில் விழுகிறது. குவார்ட்ஸின் துடிப்பைப் பெருக்கி உண்டாக்கிய நுண்ணலையைக் குப்பிமேல் செலுத்துகிறார்கள். அதன் அதிர்வெண் அணுவின் இயல்பான அதிர்வெண்ணோடு, அதாவது நொடிக்குச் சுமார் 683 கோடியோடு, சரியாகப் பொருந்தினால் அணுக்கள் ஒளியைக் கூடுதலாக விழுங்கும். உணரியில் ஒளி சற்றே மங்கும். மங்கல் குறைந்தால் குவார்ட்ஸ் தடம் மாறிவிட்டது என்று பொருள். மின்சுற்று உடனே அதை இழுத்துப் பிடிக்கும். சீசியத்துக்கு இந்த எண் 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770. அத்தனை அதிர்வுகள் சேர்ந்ததே ஒரு நொடி என்று 1967-இல் உலக நாடுகள் முடிவு செய்தன. அதுவரை நொடிக்குப் பூமியின் ஓட்டத்தைத்தான் நம்பியிருந்தோம்.

நம்பிக்கை: அணுக் கடிகாரம் கோடி ஆண்டு ஆனாலும் கெடாது.

உண்மை: 30 கோடி ஆண்டுக்கு ஒரு நொடி பிசகும் என்பது சிறந்த சீசியம் ஆய்வகக் கடிகாரங்களின் துல்லியக் கணக்கு. கருவியின் ஆயுளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 2013-இல் இந்தியா ஏவிய ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1ஏ வழிகாட்டிச் செயற்கைக்கோளில் இருந்த மூன்று ருபீடியம் கடிகாரங்களும் நின்றுபோனதாக 2017 ஜனவரியில் செய்தி வந்தது. மூன்றும் வெளிநாட்டில் வாங்கியவை. வழிகாட்டும் வேலையில் ஒரு மைக்ரோ நொடி தவறினால் தூரக் கணக்கு 300 மீட்டர் தவறும். கடிகாரம் இல்லாத செயற்கைக்கோளை வைத்து வழி காட்ட முடியாது. மாற்றாக அந்த ஆகஸ்டில் அனுப்பிய 1எச் செயற்கைக்கோள், வெப்பக் கவசம் பிரியாமல் வீணானது. 2018 ஏப்ரலில் 1ஐ போய்ச் சேர்ந்தது. சொந்தக் கடிகாரம் செய்தே ஆகவேண்டும் என்ற பிடிவாதம் வீண் பெருமைக்காக அல்ல என்பதற்கு இந்த வரிசையே போதும்.

நம்பிக்கை: போனில் அணுக் கடிகார நேரம் ஓடுவதால், திருமலை 300 ரூபாய் தரிசன டிக்கெட்டுக்கு நொடி பிசகாமல் அழுத்தினால் நமக்குத்தான் முதல் இடம்.

உண்மை: போனில் இருப்பதும் குவார்ட்ஸ்தான். இணையமும் செல்போன் கோபுரமும் தரும் நேரத்தை வைத்து அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. இந்திய நேரத்தைப் பராமரிப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அணுக் கடிகாரங்கள். ஆனால் முன்பதிவு எப்போது திறக்கும் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் போன் அல்ல, தேவஸ்தானத்தின் சர்வர். நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டிருக்காமல், கொஞ்சம் முன்னதாகவே லாகின் செய்து, ஆதார் எண்களைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.