மெய்யறிந்து ஆடல்

நுழையும்முன்

ஓவியருக்குத் தூரிகையும் இசைவாணருக்கு யாழும் புறத்தே அமைந்த கருவிகள். ஆடுபவருக்கோ அவர்தம் உடலே கருவி. முழுமையாகத் தம் கண்ணால் காண இயலாத அக்கருவியைத் தனித்து ஆடும் கலைஞர் எவ்வாறு அறிந்து இயக்குகிறார் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கண்களை மூடிக்கொண்டு சுட்டுவிரலால் மூக்கின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். விரல் பெரும்பாலும் பிழையாமல் சென்று சேரும். தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வேற்பிகள், உறுப்புகள் இருக்கும் நிலையை மூளைக்கு இடைவிடாது அறிவித்துக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம். அன்றாட வாழ்வில் இவ்வறிவை நாம் பொருட்படுத்துவதில்லை. பரதநாட்டியம் பயில்வோர்க்கோ முதற்பாடமே இதுதான்.

குதிகால்களைச் சேர்த்து, பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்கால்களை வெளிப்புறமாக மடித்து, முதுகு நிமிர்ந்திருக்க நிற்பது அரைமண்டி. சிறிது நேரம் அவ்வாறு நிற்பது எளிது. அந்நிலை குலையாமல் தட்டடவை மூன்று காலங்களிலும் ஆடுவது அரிது. தாளத்தின் நடை மாறாதிருக்க, அடிகள் மட்டும் இரண்டாங்காலத்தில் இருமடங்காகவும் மூன்றாங்காலத்தில் நான்மடங்காகவும் பெருகும். விரைவு கூடக்கூட, பயில்பவரின் உடல் அவரறியாமலேயே மேலெழும். மடிந்த முழங்கால்கள் நிமிரத் தொடங்கும். தாம் தாழ்ந்தே நிற்பதாக அவர் நம்பிக்கொண்டிருப்பார். உடல் இருக்கும் நிலைக்கும், அது இருப்பதாக மனம் கருதும் நிலைக்கும் இடையேயுள்ள இந்தத் தொலைவைக் குறைப்பதற்கே ஆண்டுக்கணக்கான பயிற்சி தேவைப்படுகிறது. தேர்ந்த ஆசானுக்குச் செவியும் துணைநிற்கும். முழுப்பாதமும் நிலத்தில் படியும்போது எழும் ஒலி வேறு. பாதத்தின் விளிம்பு மட்டும் படும்போது எழும் ஒலி வேறு.

இன்றைய பயிற்சிக்கூடங்கள் பலவற்றில் சுவரை மறைக்கும் அளவுக்குக் கண்ணாடி பதிக்கப்பட்டுள்ளது. அது பிழையை உடனுக்குடன் காட்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கண்ணாடி அரங்கிற்கு உடன்வருவதில்லை. கை செல்லும் வழியே கண் செல்லவேண்டும் என்பது அபிநய தர்ப்பணம் வகுக்கும் நெறி. தன் உருவையே நோக்கிப் பழகிய கண், கையைப் பின்தொடர மறந்துவிடுகிறது. ‘தர்ப்பணம்’ என்னும் அவ்வடசொல்லுக்குக் கண்ணாடி என்பதே பொருளாக இருப்பது சுவையான முரண்.

அகத்தில் எழும் உணர்வு உடலின்வழிப் புலப்படுவதைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அவர் வகுத்த எட்டும் மெய்யில் தோன்றுபவை. தனியாடலில் இவை அனைத்தையும் ஒரே உடல் ஏற்கவேண்டும். தாயும் அவரே, சேயும் அவரே.

இதற்குத் தக்க சான்று தஞ்சாவூர் பாலசரசுவதி (1918–1984). வீணை தனம்மாளின் பெயர்த்தியான அவர், கந்தப்பப் பிள்ளையிடம் பயின்று, 1925இல் தம் ஏழாம் அகவையில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். ஆடும்போதே தாமும் பாடுவது அவரது இயல்பு. இசை செவிக்கு வெளியிலிருந்து வருவதாக அன்றி, அவரது மூச்சிலேயே கலந்திருந்தது.

சத்யஜித் ராய் 1976இல் ‘பாலா’ என்னும் ஆவணப்படத்தை இயக்கினார். அதில் பாலசரசுவதி கடற்கரையில், ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ என்னும் கன்னடப் பாடலுக்கு அபிநயம் செய்கிறார். அப்போது அவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார், உடல் பருத்திருந்தது, இளமையின் விரைவு இல்லை. ஆடலழகை மெலிந்த உடலோடு மட்டும் இணைத்துப் பார்ப்போர் ஒருமுறையேனும் காணவேண்டிய காட்சி அது. குழந்தைக் கண்ணனைத் தாய் அழைப்பதை நடித்துக் காட்டும்போது, இல்லாத குழந்தைக்கு உயரத்தைத் தருவது ஆடுபவரின் பார்வை தாழும் அளவேயாகும். ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் பார்வை அதே இடத்திற்குத் திரும்பவேண்டும். சற்றே பிசகினாலும் குழந்தை மறைந்துவிடும். அலைகளின் முன்னே தனித்து நின்று கைநீட்டி அழைக்கும் அம்முதியவரின் எதிரே, காண்போர் கண்ணுக்கு ஒரு குழந்தை நிற்கிறது.