காற்றில் வரும் சிக்னலில் செல்போன் சார்ஜ் ஏறுமா?

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுது என்று மன்றச் செயலாளர் சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு எங்க அப்பா கேட்ட ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

எங்க அப்பா செம்மறியாட்டுக் கிடை போடுபவர். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். அறுவடை முடிந்ததும் கீதாரியோடு தஞ்சாவூர்ப் பக்கம் ஆடு பத்திக்கொண்டு போய்விடுவார். இன்றைக்கு ஒரு வயல், நாளைக்கு ஒரு வயல். படுக்கையும் வயலிலேதான். பத்தாம் வகுப்பைத் தாண்டியது எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல்.

அப்பாவிடம் ஒரு பட்டன் போன் இருக்கிறது. கிடை வேண்டுமென்று வயல்காரர் கூப்பிடுவது அதில்தான். போன் செத்துப்போனால் அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார், அன்றைய வருமானம் போச்சு. சார்ஜ் ஏற்ற டீக்கடைக்கோ பம்ப்செட் கொட்டகைக்கோ நடக்க வேண்டும். போன லீவில் நான் போயிருந்தபோது கிடைக்குப் பக்கத்திலேயே ஒரு செல்போன் டவர். அப்பா அதைக் காட்டிக் கேட்டார்:

"ஏந்தம்பி, டவரு இங்ஙனதான நிக்குது. பேச்சு காத்துல வருதுன்னா கரண்டும் காத்துலதான வருது? அத பிடிச்சு போனுக்கு ஏத்த முடியாதா? நீ படிக்கிறது அந்தப் படிப்புதான?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "பாத்துட்டு சொல்றேன்பா" என்றேன்.

கேள்வி தப்பில்லை

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. ரேடியோ அலையில் ஆற்றல் இருக்கிறது என்பது உண்மை. பேட்டரியே இல்லாமல் பாடிய கிரிஸ்டல் ரேடியோ அதற்குச் சாட்சி. நீளமான ஏரியல், ஒரு எர்த், ஒரு காயில், ஒரு கிரிஸ்டல், காதில் மாட்டும் ஹெட்போன், அவ்வளவுதான். ஸ்டேஷனிலிருந்து வரும் அலையின் ஆற்றலே ஹெட்போனை அசைத்துப் பாட வைத்தது. அந்த கிரிஸ்டலுக்கு முன்னோடி நம் நாட்டுக்காரர். கலீனா என்ற ஈயத் தாதைக் கொண்டு அலையை உணரும் கருவிக்கு ஜகதீஷ் சந்திர போஸ் 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்.

கம்பியில்லாமல் மின்சாரம் அனுப்பும் ஆசையும் பழையது. நிகோலா டெஸ்லா 1901-இல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் பெரிய கோபுரம் கட்டத் தொடங்கினார். பணம் நின்றுபோய், 1917-இல் அந்தக் கோபுரத்தை இடித்துவிட்டார்கள். வில்லியம் பிரவுன் என்ற பொறியாளர் 1964-இல் மைக்ரோவேவ் அலையாலேயே ஒரு சின்ன ஹெலிகாப்டரைப் பறக்க வைத்தார். 1975-இல் கலிபோர்னியாவில் கோல்ட்ஸ்டோன் என்ற இடத்தில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு 30 கிலோவாட்டுக்கு மேல் அனுப்பி வாங்கினார்கள். அலையைப் பிடிக்கும் ஆண்டெனாவும் அதை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபையரும் சேர்ந்த கருவிக்கு ரெக்டென்னா என்று பெயர்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கோல்ட்ஸ்டோனில் 26 மீட்டர் விட்டமுள்ள டிஷ் வைத்து, ஒரே இடத்தைக் குறிவைத்து ஆற்றலை அனுப்பினார்கள். அப்பா கேட்பது அதுவல்ல. பேசுவதற்காகப் பரப்பிய அலையில் சிந்துவதைப் பொறுக்க முடியுமா என்பதுதான்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

டவரில் ஒரு ஆண்டெனாவுக்கு 20 வாட் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டெனா எல்லாப் பக்கமும் சிதறாமல் ஒரு பக்கமாகக் குவித்து அனுப்புவதால், அந்தப் பக்கம் சுமார் 50 மடங்கு பலம். ஆக 1000 வாட் விளக்கு போல என்று எடுத்துக்கொள்ளலாம்.

அலை போகப் போகப் பலூன் மாதிரி விரிகிறது. 100 மீட்டர் தூரத்தில் அந்தப் பலூனின் மேற்பரப்பு 4 × 3.14 × 100 × 100, அதாவது 1,25,600 சதுர மீட்டர். 1000 வாட்டை இத்தனை பரப்புக்குப் பங்கு போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 0.008 வாட். தூரம் இரண்டு மடங்கானால் இதுவும் நாலில் ஒன்றாகிவிடும். முதலாம் ஆண்டில் மனப்பாடம் செய்த எதிர் இருபடி விதிக்கு எனக்கு அர்த்தம் புரிந்தது இந்த இடத்தில்தான்.

அப்பா போனின் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர், அதாவது 0.005 சதுர மீட்டர். அதன் மேல் விழுவது 0.008 × 0.005 = 0.00004 வாட். 40 மைக்ரோவாட்.

பேட்டரி 1000 மில்லி ஆம்பியர் அவர், 3.7 வோல்ட். ஆக 3.7 வாட் அவர். 3.7-ஐ 0.00004-ஆல் வகுத்தால் 92,500 மணி நேரம். வருஷக் கணக்கில் பத்தரை வருஷம்! அதுவும் விழுந்தது அத்தனையும் வீணாகாமல் பேட்டரிக்குள் போனால், ஆண்டெனா நேராக நம்மைப் பார்த்தால்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். அப்பா போன் ஒரு சார்ஜுக்கு நாலு நாள் தாங்கும். 3.7 வாட் அவரை 96 மணியால் வகுத்தால் 0.0385 வாட். போன் குடிப்பது 38 மில்லிவாட், டவர் ஊற்றுவது 0.04 மில்லிவாட். கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓட்டைக் குடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிற கதைதான்.

நான் போட்டது காகிதக் கணக்கு. நிஜமாக அளந்தவர்களும் இருக்கிறார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் அந்நகரின் 270 சுரங்க ரயில் நிலையங்களுக்கு வெளியே நின்று அளந்து 2013-இல் வெளியிட்டார்கள். 1800 மெகாஹெர்ட்ஸ் செல்போன் டவர் அலையில் சராசரியாக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 84 நானோவாட். அப்பா போனுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் 4.2 மைக்ரோவாட். ஒரு முறை சார்ஜ் ஏற நூறு வருஷம்.

"அப்படியானால் டவர் பவரைக் கூட்டினால் என்ன?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். மனிதர் உடம்பு இருக்கிறதே! டவர் கதிர்வீச்சு வரம்பை இந்தியா 2012 செப்டம்பரில், சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸில் அது சதுர மீட்டருக்கு 0.45 வாட். அந்த உச்ச வரம்பு அளவுக்கே அலை அடித்தாலும் அப்பா போன் மேல் விழுவது 2.25 மில்லிவாட்தான். போன் குடிக்கும் 38-க்கு அது எந்த மூலைக்கு?

டயோடு செய்யும் தகராறு

அலை ஏ.சி., பேட்டரிக்கு வேண்டியது டி.சி. நடுவில் டயோடு வேண்டும். சிலிக்கான் டயோடு திறக்க சுமார் 0.6 வோல்ட் கேட்கும். நம் 40 மைக்ரோவாட்டை 50 ஓம் ஆண்டெனாவில் வாங்கினால் வோல்டேஜ் வெறும் 0.045. வாசல்படி ஏறவே உயரம் பற்றாது. ஷாட்கி டயோடு கொஞ்சம் சீக்கிரம் திறக்கும் என்றாலும், சிக்னல் குறையக் குறைய அதிலும் வீணாவதுதான் அதிகம்.

நாங்கள் லேபில் ஒன்று செய்து பார்த்தோம். 900 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 33 சென்டிமீட்டர். அதில் கால்வாசி, 8 சென்டிமீட்டர் அளவில் இரண்டு கம்பித் துண்டு, நடுவில் ஒரு ஷாட்கி டயோடு, ஒரு சிவப்பு எல்.இ.டி. 2ஜி-யில் ஓடும் பட்டன் போனை ஒட்டி வைத்து ஒரு கால் போட்டோம். எல்.இ.டி. மினுக்கியது! எல்லாரும் கத்திவிட்டோம். போனை ஒரு சாண் தள்ளினோம், அணைந்துவிட்டது. கத்தினதும் அடங்கிவிட்டது. 2ஜி போன் உச்சத்தில் 2 வாட் வரை அனுப்பும். அதுவே ஒரு சாணில் இப்படி என்றால் நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் டவரை என்ன சொல்வது?

நாங்கள் ஏமாற இருந்த கதை

இதை எழுதலாமா என்று யோசித்தேன். ஜூனியர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

இறுதியாண்டு புராஜெக்டுக்கு எங்கள் நாலு பேர் குழு, ரெடிமேடு புராஜெக்ட் விற்கும் ஒரு கடைக்குப் போனது. "டவர் சிக்னலில் மொபைல் சார்ஜிங்", விலை 6000 ரூபாய். தலைக்கு 1500. கடைக்காரர் போனைச் செருகினார், சார்ஜ் ஏறும் படம் வந்தது. அப்பா கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்பாவும் பணம் போட்டு அனுப்பிவிட்டார்.

ராத்திரி ஹாஸ்டலில் மேலே சொன்ன கணக்கைப் போட்டேன். வரவில்லை. நாலு தரம் போட்டேன், வரவே இல்லை. நான்தான் புள்ளி தப்பாக வைக்கிறேனோ என்று பயம். இதே மாதிரி பெட்டி ஒன்று, சீனியர் யாரோ வைத்துவிட்டுப் போனது, லேப் அலமாரியில் கிடந்தது. மறுநாள் அதை எடுத்து ஆன் செய்தோம், விளக்கு எரிந்தது. ஆண்டெனாவைக் கழற்றினோம். அப்போதும் விளக்கு எரிந்தது! ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தால் போர்டுக்கு அடியில் ஒரு லித்தியம் செல் ஒட்டியிருந்தது.

குழுவில் ஒருவன், "எக்ஸ்டர்னல் வந்து பிரிச்சா பாக்கப் போறாரு? வாங்கிருவோம்டா" என்றான். எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித் தோன்றியது, மறைப்பானேன். ஆனால் எக்ஸ்டர்னலிடம் சொல்லிவிடலாம், கிடையில் நின்று கேட்ட எங்க அப்பாவிடம் என்ன சொல்வேன்? வாங்கவில்லை.

அப்படியானால் உபயோகமே இல்லையா?

இருக்கிறது. டோல்கேட்டில் ஒட்டும் ஃபாஸ்டேக் தெரியுமல்லவா? 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயமானது. அதற்குள் பேட்டரி கிடையாது. மேலே உள்ள ரீடர் அனுப்பும் அலையிலேயே உயிர் பெற்று, தன் எண்ணைச் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும்.

வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2013-இல் இன்னும் ஒரு படி போனது. தானாக அலை அனுப்பாமல், ஏற்கெனவே காற்றில் இருக்கும் டி.வி. அலையைத் திருப்பி அடித்தே இரண்டு கருவிகளைப் பேச வைத்தார்கள். சின்ன வயதில் கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து எதிர்வீட்டுச் சுவரில் அடிப்போமே, அதே தந்திரம். அந்தக் குழுவிலிருந்த ஷியாம் கொல்லகோட்டா நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். 2017-இல் அதே பல்கலைக்கழகத்தில் பேட்டரியில்லாத போனையே செய்து காட்டினார்கள். அதன் செலவு 3.5 மைக்ரோவாட்தான். ஆனால் அதற்கென்று தனியாக ஒரு நிலையம் 31 அடி தூரத்துக்குள் இருந்து அலை அனுப்ப வேண்டும்.

இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது: வரவைக் கூட்ட வழியில்லாதபோது செலவைக் குறைத்தவர்கள் ஜெயித்திருக்கிறார்கள். மைக்ரோவாட்டில் வாழும் சென்சாருக்கும் டேக்குக்கும் இது ஆகும். நாம் கையில் வைத்திருக்கும் போனுக்கு ஆகாது.

முடிவுரை

சரி, அப்பாவுக்கு என்ன பதில்? நடு வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் கொட்டுகிறது. அதே போன் அளவு, 50 சதுர சென்டிமீட்டர் சோலார் தகடு அதில் 18 சதவீதம் பிடித்தால் 0.9 வாட். டவர் தருவதைப் போல 20 ஆயிரம் மடங்குக்கு மேல்! எங்கள் குழு 10 வாட் பேனல் ஒன்றும் 5 வோல்ட் யு.எஸ்.பி. ரெகுலேட்டர் ஒன்றும் வாங்கியது. ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. டவர் அலையையும் வெயிலையும் ஒப்பிட்ட கணக்கையே புராஜெக்ட் ரிப்போர்ட்டாக எழுதினோம். "முடியாது" என்று வந்த முடிவையும் முடிவாக ஏற்றுக்கொண்டார்கள்.

மதிப்பெண் வந்த பிறகு பேனலைக் கிடைக்குக் கொண்டுபோய், குட்டி அடைக்கும் கொடாப்பு மேல் கட்டிக் கொடுத்தேன். போனில் பேட்டரிக் கோடு ஏறி ஏறி வருவதை அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப டவருல ஒண்ணும் இல்லியா?" என்றார். "இருக்குப்பா, பேச்சுக்குப் பத்தும். போனுக்குப் பத்தாது" என்றேன். "அதத்தான கேட்டேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜூனியர் நண்பர்களே, எந்தப் புராஜெக்டை வாங்கும் முன்பும் வாட் கணக்கை ஒரு தரம் நீங்களே போட்டுப் பாருங்கள். அதற்கு ஒரு பேனாவும் அரைப்பக்கத் தாளும் போதும். மிச்சமாவது உங்கள் வீட்டார் உழைத்து அனுப்பிய காசு.